ஒரு சொல்லும் ஒரு மொழியும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுவே, காசாய் என்னும் பேராறு பாயும் நாட்டில், சிலுபா என்றொரு மொழி வழங்குகிறது. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். நம்மில் பலர் அம்மொழியின் பெயரையும் கேட்டிருக்க மாட்டோம். கேட்டவர்களும் பெரும்பாலும் அதன் ஒரே ஒரு சொல்லைத்தான் கேட்டிருப்பார்கள். 'இலுங்கா' என்பது அச்சொல். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டனில் உள்ள மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று ஒரு பட்டியலை வெளியிட்டது. உலக மொழிகளில் மொழிபெயர்ப்பதற்கு மிகவும் அரிய சொற்கள் எவை என்று ஆயிரம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுத் தொகுத்த பட்டியல் அது என்றார்கள். அதில் முதலிடம் பெற்றது சிலுபா மொழியின் இலுங்கா. 'ஒருவர் செய்த தீங்கை முதல் முறை மன்னிப்பவன்; இரண்டாம் முறை பொறுத்துக்கொள்பவன்; மூன்றாம் முறை ஒருகாலும் பொறாதவன்' என்பது அச்சொல்லுக்குத் தரப்பட்ட பொருள். செய்தித்தாள்கள் இதை உலகெங்கும் பரப்பின. இவ்வளவு பொருளை ஒரு சொல்லில் அடக்கிய மக்கள் எத்தகையவரோ என்று படித்தவர்கள் வியந்தார்கள்.

அதே பட்டியலில் தமிழ்ச் சொல் ஒன்றும் இருந்தது. அது என்ன தெரியுமா? 'செல்லாதிருப்பவர்' என்பது! பள்ளிக்குப் போகாமல் மட்டம் போடுவதில் ஒரு வகையைக் குறிக்கும் சொல் என்று அதற்கு விளக்கம் எழுதியிருந்தார்கள். இதைக் கேட்கும் தமிழர் எவருக்கும் சிரிப்பு வரும். உண்ணாதிருப்பவர், பேசாதிருப்பவர், உறங்காதிருப்பவர் என்று நாம் ஆயிரம் சொற்களை நினைத்தபோது நினைத்தபடி ஆக்கிக்கொள்ளலாம். செல்லாதிருப்பவர் எங்கும் செல்லாதிருக்கலாம். கோயிலுக்குச் செல்லாதிருக்கலாம், சந்தைக்குச் செல்லாதிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கும் அச்சொல்லுக்கும் தனிப்பட்ட உறவு எதுவும் இல்லை. அதில் வியப்பதற்கு ஒன்று உண்டென்றால், பல உறுப்புகளை ஒட்டிக் கோத்து ஒரு சொல்லாக்கும் தமிழின் அமைப்பே அது. பட்டியலிட்டவர்கள் அந்த அமைப்பை விட்டுவிட்டு, இல்லாத ஒரு பொருளைக் கண்டு வியந்தார்கள்.

நம் சொல்லின் கதை இதுவானால், சிலுபாச் சொல்லின் கதை எப்படியிருக்கும் என்று ஐயுறுவது முறைதானே? சில செய்தியாளர்கள் காங்கோ நாட்டவரையே கேட்டுப் பார்த்தார்கள். இலுங்கா என்பது தங்கள் நாட்டில் மிகுதியாக வழங்கும் ஓர் ஆட்பெயர் என்று விடை வந்தது. லுபா மக்களின் பழங்கதையில் பேரரசை நிறுவிய வீரனின் பெயரே கலாலா இலுங்கா என்பதாகும். நம்மூரில் கரிகாலன் என்றும் செழியன் என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிடுவதுபோல், அங்கே இலுங்கா என்று பெயரிடுகிறார்கள். மும்முறை பொறுக்கும் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைப் பட்டியலிட்டவர்கள் சான்று காட்டி நிறுவவில்லை.

இதனால் அம்மொழிக்குப் பெருமை குறைந்துவிடுமோ? குறையாது. ஒரு மொழியின் பெருமை ஒரு வினோதச் சொல்லில் இல்லை. அம்மொழி பேசும் தாய் தன் பிள்ளையை அழைக்கும்போதும், வணிகர் கூடையை எண்ணும்போதும் வழுவாமல் இயங்கும் ஒழுங்கிலே இருக்கிறது. அந்த ஒழுங்கைச் சிறிது காட்டுவதே என் நோக்கம்.

முதலில் நாட்டையும் மக்களையும் தெரிந்துகொள்வோம். 1960-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற காங்கோ, இன்று காங்கோ மக்களாட்சிக் குடியரசு எனப்படுகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே வழங்குகின்றன. 2006-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் பிரெஞ்சை ஆட்சிமொழியாகவும், கிகொங்கோ, லிங்காலா, சுவாஹிலி, சிலுபா ஆகிய நான்கையும் தேசிய மொழிகளாகவும் கூறுகிறது. சிலுபா நாட்டின் தென்நடுப் பகுதியான காசாய்க்கு உரியது. 1990-களின் தொடக்கத்தில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டவர் என்று கணக்கிட்டார்கள். மக்கள்தொகை விரைந்து பெருகும் நாடாதலால், இன்று அத்தொகை மிக உயர்ந்திருக்கும். அண்டையில் வாழும் வேறு இனத்தவரும் அதைப் பொதுமொழியாகக் கொண்டு பேசுகிறார்கள்.

காசாயின் பெரிய நகரங்கள் இரண்டு. ஒன்று கனங்கா; வெள்ளையர் ஆட்சியில் அது லுலுவாபூர் எனப்பட்டது. மற்றொன்று வைரச் சுரங்கங்களுக்குப் பேர்போன ம்புஜிமாயி. இந்தப் பெயரே சிலுபாவில் நமக்கு முதற் பாடமாகும். 'ம்புஜி' என்றால் ஆடு. 'மாயி' என்றால் தண்ணீர். ஆட்டுத் தண்ணீர் என்பது ஊரின் பெயர். உலகத்துக்கு வைரம் தந்த ஊர், வைரத்தின் பெயரால் அல்லாமல் ஆட்டின் பெயராலும் நீரின் பெயராலும் வழங்குகிறது.

சிலுபாவைத் தாய்மொழியாகப் பேசுவோர் முதன்மையாக இரண்டு மக்கட்கூட்டத்தார். காசாயின் லுபா மக்கள் ஒரு கூட்டம். லுலுவா மக்கள் மற்றொரு கூட்டம். இருவர் பேச்சிலும் சிற்சில வேறுபாடுகள் உண்டு, மொழி ஒன்றே. கிழக்கே கட்டங்காப் பகுதியிலும் லுபா மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது கிலுபா என்னும் வேறொரு மொழி. உறவு உண்டெனினும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

இனி மொழிக்குள் நுழைவோம். ஒன்றை முன்னரே சொல்லிவிடுகிறேன். நம் எழுத்தில் ப என்னும் ஓரெழுத்தே இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. ட, க முதலியனவும் அப்படியே. ஆகையால் அயல்மொழிச் சொற்களைத் தமிழெழுத்தில் தரும்போது அவற்றுக்கு நெருங்கிய ஒலியைத்தான் தர முடிகிறது. சிலுபா என்பதில் உள்ள முதல் எழுத்தைப் 'பச்சை' என்பதில் வரும் சகரம்போல் வன்மையாக ஒலிக்க வேண்டும்.

மொழியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லுபா என்பது அடி. 'முலுபா' என்றால் லுபா இனத்தவர் ஒருவர். 'பாலுபா' என்றால் லுபா இனத்தவர் பலர். 'சிலுபா' என்றால் லுபா மக்களின் மொழி. அடிச்சொல் அசையாமல் நிற்கிறது. முன்னே வரும் உறுப்பு மாறும்போது பொருள் மாறுகிறது. தமிழில் ஒருமையும் பன்மையும் சொல்லின் இறுதியில் தெரியும்: மரம், மரங்கள். சிலுபாவில் அவை சொல்லின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். நம் மொழி வாலில் அடையாளம் இடுகிறது. அவர்கள் மொழி தலையில் இடுகிறது.

'முண்டு' என்றால் மனிதர் ஒருவர். 'பாண்டு' என்றால் மக்கள். இந்தச் சொல் உறவு மொழிகள் பலவற்றில் சிறுசிறு மாற்றத்துடன் காணப்படுவதால், வில்ஹெல்ம் பிளேக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அம்மொழிக் குடும்பத்துக்கே பாண்டு என்று பெயரிட்டார். அவருடைய ஒப்பிலக்கண நூல் 1862-இல் வெளிவரத் தொடங்கியது. கால்டுவெல் நம் மொழிகளுக்குத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியது 1856-இல். ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு பெருங்குடும்பங்களுக்கு இலக்கண நூல் வாய்த்தது என்று நினைக்கும்போது மகிழ்ச்சி உண்டாகிறது.

அந்த அடிச்சொல்லைக் கொண்டே இன்னும் சிறிது தொலைவு செல்லலாம். 'சிண்டு' என்றால் பொருள், வஸ்து. 'பிண்டு' என்றால் பொருள்கள். 'காண்டு' என்றால் சிறியதொரு பொருள். பல சிறு பொருள்களானால் 'டுண்டு'. 'புமுண்டு' என்றால் மனிதத் தன்மை. ஒரே அடி, முன்னுறுப்பு மாற மாற, மனிதர், பொருள், சிறு பொருள், பண்பு என்று வேறு வேறாகிறது. 'டுண்டு' என்றதும் நம் 'துண்டு' நினைவுக்கு வரும். அது நம் எழுத்து காட்டும் மயக்கம். அவர்கள் நாவில் அதன் டகரம் நம் துண்டில் உள்ளதுபோல் மெலியாமல் வல்லொலியாகவே நிற்கும். இவ்வகை ஒலியொப்புமையைக் கொண்டு இரண்டு மொழிகளுக்கும் உறவு கட்டத் தொடங்கினால் அது மணலில் கட்டிய வீடாகிவிடும்.

சிலுபாவில் பெயர்ச்சொற்கள் எல்லாம் இங்ஙனம் வகுப்புகளாகப் பிரிந்து நிற்கின்றன. மனிதரைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் மு-பா வகுப்பு. மரம் 'முச்சி', மரங்கள் 'மிச்சி'. இது மு-மி வகுப்பு. கண் 'டீசு', கண்கள் 'மேசு'. இது வேறொரு வகுப்பு. நமக்கு இது முற்றிலும் புதியதன்று. நாமும் உயர்திணை, அஃறிணை என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். மனிதர் வந்தார், மாடு வந்தது என்று வினையை மாற்றுகிறோம். நம் இரண்டு திணை அங்கே பத்துக்கு மேற்பட்ட வகுப்புகளாக விரிந்திருக்கிறது என்று கொண்டால் ஒருவாறு விளங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவன், அவள் என்று நாம் ஆண்பால் பெண்பால் பிரிக்கிறோம். சிலுபாவில் அந்தப் பிரிவு இல்லை. வந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் வினைச்சொல் ஒன்றே.

வகுப்பு என்பது பெயர்ச்சொல்லோடு முடிந்துவிடுவதில்லை. அதன் முன்னுறுப்பு வாக்கியம் முழுவதும் பரவுகிறது. 'முவானா உடி உலொங்கா' என்றால், பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதையே பன்மையாக்கி, நம் பிள்ளைகள் இருவர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமானால், 'பானா பேட்டு பாபிடி பாடி பாலொங்கா' என்று வரும். பிள்ளைகள் என்னும் சொல்லில் உள்ள பா, நம் என்பதிலும், இரண்டு என்பதிலும், துணைவினையிலும், முதல்வினையிலும் ஒலிக்கிறது. செவிக்கு இது மோனைத் தொடை போலவே இருக்கிறது. ஆனால் புலவர் விரும்பி அமைக்கும் மோனை அன்று இது. இலக்கணம் தானே அமைக்கும் மோனை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை அந்த ஒலியே காட்டிவிடுகிறது.

இந்த 'பானா பேட்டு' என்னும் தொடருக்கு வேறொரு வழக்கும் உண்டு. நேர்ப்பொருள் 'நம் பிள்ளைகள்' என்பது. ஆனால் உடன்பிறந்தாரையும் நெருங்கிய சுற்றத்தாரையும் அப்படியே அழைப்பார்கள். என்னுடன் பிறந்தவர் யார்? எங்கள் வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான். நாம் வயிற்றை எண்ணி 'உடன்பிறந்தார்' என்கிறோம். அவர்கள் வீட்டை எண்ணி 'நம் பிள்ளைகள்' என்கிறார்கள்.

வினைச்சொற்களின் அமைப்பைப் பார்த்தால், தமிழர் சற்று நின்று கவனிக்கத்தக்க ஒன்று அங்கே இருக்கிறது. 'குலொங்கா' என்றால் கற்றல். அதன் இறுதியில் ஓர் உறுப்பைச் சேர்த்துக் 'குலொங்கேஷா' என்றால் கற்பித்தல். நாம் கற்றல் என்பதைக் கற்பித்தல் என்று ஆக்குவதுபோலவே, அவர்களும் வினையின் உடலுக்குள்ளேயே ஓர் உறுப்பைப் புகுத்திப் பிறவினை ஆக்குகிறார்கள். கற்பவர் 'முலொங்கி', கற்பிப்பவர் 'முலொங்கேஷி'. 'குவாம்பா' என்றால் சொல்லுதல்; 'குவாம்பிலா' என்றால் ஒருவரிடம் சொல்லுதல். 'குனாங்கா' என்றால் அன்பு செய்தல். 'குனாங்கங்கானா' என்றால் ஒருவர்மீது ஒருவர் அன்பு செய்தல். நாம் 'ஒருவருக்கொருவர்' என்று தனிச்சொல் கொண்டு உணர்த்துவதை, அவர்கள் வினைக்குள் ஓர் அசையைச் சேர்த்து உணர்த்திவிடுகிறார்கள். மொழிபெயர்க்க அரிய சொல்லைத் தேடியவர்கள் இதைப் பார்த்திருக்கலாம்!

இடத்தைக் குறிப்பதிலும் ஓர் அழகு உண்டு. 'ன்ஸுபு' என்றால் வீடு. 'மு ன்ஸுபு' என்றால் வீட்டுக்குள். 'கு ன்ஸுபு' என்றால் வீட்டிடத்து, வீட்டை நோக்கி. 'பா ன்ஸுபு' என்றால் வீட்டின்மேல். நாம் வேற்றுமை உருபாகப் பின்னே ஒட்டுவதை அவர்கள் முன்னே வைக்கிறார்கள்.

காலத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி. 'மாகேலேலா' என்னும் ஒரே சொல் நேற்று என்பதையும் நாளை என்பதையும் குறிக்கும். இந்தியில் 'கல்' என்னும் சொல் இப்படி இருப்பதை நேயர்களில் பலர் அறிவார்கள். நேற்றா நாளையா என்பதை வினைச்சொல்லின் காலம் தெளிவாக்கிவிடும். இதைக் கொண்டு அம்மக்களுக்குக் கால உணர்ச்சி இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இன்றைக்கு ஒரு நாள் அப்பால் என்பதே அச்சொல்லின் கருத்து. எந்தப் பக்கம் அப்பால் என்பதை வாக்கியம் சொல்லும்.

எண்ணுப் பெயர்களில் ஏழும் எட்டும் சுவையானவை. ஏழு என்பதற்கு 'முவாண்டா முடெக்கேட்டே' என்பார்கள். எட்டு என்பதற்கு 'முவாண்டா முக்குலு' என்பார்கள். 'முடெக்கேட்டே' என்றால் மென்மையானது. 'முக்குலு' என்றால் மூத்தது. ஏழு இளையது, எட்டு மூத்தது என்று இரண்டையும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல் வைத்து எண்ணுகிறார்கள்.

இனி ஒலிக்கு வருவோம். சிலுபாவில் எந்த அசையும் உயிரொலியில் முடியும். ரகர ஒலி அம்மொழிக்கு இயல்பானதன்று; பிறமொழிச் சொற்களில் ரகரம் வந்தால் லகரமாக்கிக்கொள்வார்கள். பிரெஞ்சு மொழியை 'ம்ஃப்வலன்சா' என்பார்கள். ஃபிரான்ஸ் என்னும் பெயர் அங்கே அப்படி உருமாறியிருக்கிறது. கிறிஸ்து என்னும் பெயர் 'கிலிஸ்டோ' ஆகியிருக்கிறது. இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. மெய்யும் மெய்யும் மயங்குவது பொறாமல் முதலில் ஓர் இகரத்தைப் புகுத்திக் 'கிறிஸ்து' என்று எழுதியவர்கள் நாமும்தான். தன் வீட்டுக்குள் வரும் விருந்தினரின் செருப்பை வாயிலில் கழற்றச் சொல்வது எல்லா மொழிக்கும் உள்ள பழக்கம்.

ஆனால் தமிழர் காதுக்கு எளிதில் பிடிபடாத ஒன்று சிலுபாவில் இருக்கிறது. அது தொனி. ஒவ்வோர் அசையும் உயர்ந்த தொனியிலோ தாழ்ந்த தொனியிலோ ஒலிக்க வேண்டும். எழுத்து ஒன்றாக இருந்தும் தொனி மாறினால் சொல் வேறாகிவிடும். நாம் வினாவுக்கும் வியப்புக்கும் குரலை ஏற்றி இறக்குகிறோம். அது உணர்ச்சியைக் காட்டும். அவர்களுக்கோ ஏற்ற இறக்கம் சொல்லின் உறுப்பே ஆகும். நமக்குக் குறிலும் நெடிலும் எப்படியோ அப்படி. இதில் மொழியறிஞர்களை நெடுங்காலம் ஆராயவைத்த ஒரு புதிரும் உண்டு. உறவு மொழிகளில் எந்த அசை உயர்ந்து ஒலிக்கிறதோ, அந்த அசை சிலுபாவில் தாழ்ந்து ஒலிக்கிறது. அங்கே தாழ்ந்தது இங்கே உயர்கிறது. ஒரே பாட்டைத் தலைகீழாகப் பாடுவது போன்ற இந்த மாற்றம் பழங்காலத்தில் எப்போதோ நேர்ந்திருக்கிறது.

அன்றாட எழுத்தில் தொனியைக் குறிப்பதில்லை. படிப்பவர் இடமறிந்து சொல்லறிந்து படித்துக்கொள்வார். அம்மொழி உரோமன் எழுத்தில் ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். 1891-இல் லுவேபோ என்னும் ஊரில் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சமயத்தொண்டர் நிலையம் அமைத்தார்கள். அதே காலத்தில் பெல்ஜியக் கத்தோலிக்கத் துறவியரும் லுலுவா நாட்டுக்கு வந்தார்கள். இருசாராரும் தனித்தனியே எழுதினார்கள். அதனால் ஒரே மொழிக்கு எழுத்துமுறையில் வேறுபாடுகள் நேர்ந்தன. இன்றும் மொழியின் பெயரையே ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் உரோமன் எழுத்தில் எழுதக் காண்கிறோம்.

லுவேபோவில் பணிசெய்தவர்களுள் வில்லியம் மாரிசன் என்பவர் நினைக்கத்தக்கவர். அவர் 1906-இல் அம்மொழிக்கு இலக்கணமும் அகராதியும் சேர்ந்த ஒரு நூலை வெளியிட்டார். அந்தக் காலத்தில் காசாய் நாட்டில் இரப்பர் சேர்ப்பதற்காக மக்களை வதைத்த கொடுமை ஓங்கியிருந்தது. மாரிசனோடு பணிசெய்த வில்லியம் ஷெப்பர்டு என்னும் கறுப்பின அமெரிக்கர், அக்கொடுமையைத் தம் சங்கத்தின் இதழில் 1908-இல் எழுதினார். இரப்பர் நிறுவனம் இருவர்மீதும் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909-இல் வழக்கு அவர்களுக்குச் சார்பாக முடிந்தது. மக்களின் சொற்களைக் கேட்டு அகராதி தொகுத்தவர், அதே மக்களின் துன்பத்தைக் கேட்டபோது காதை மூடிக்கொள்ளவில்லை. மாரிசன் 1918-இல் இறந்தார். சிலுபா விவிலியம் முழுவதும் 1927-இல் வெளிவந்தது.

எழுத்து வருவதற்கு முன்னரே அம்மொழியில் இலக்கியம் இருந்தது. 'கசாலா' என்னும் பாடல்வகை அதன் சிகரம். இறந்தவரைப் போற்றவும், வீரரை ஊக்கவும், விழாவில் பெருமக்களை வாழ்த்தவும் கசாலா பாடுவார்கள். ஒருவருடைய பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அவர் தந்தை, பாட்டன், குலம், ஊர், அவர்கள் பெற்ற பட்டப்பெயர்கள் எல்லாவற்றையும் அடுக்கிச் சொல்லிக்கொண்டே போவது அதன் முறை. மெய்க்கீர்த்தியையும் கையறுநிலையையும் ஒருங்கே அறிந்த நமக்கு இதன் சுவை விளங்காமற் போகாது. கிளெமென்டின் ஃபாயிக்-ன்சுஜி என்னும் காங்கோ நாட்டு அறிஞர் கசாலாப் பாடல்களை ஆராய்ந்து 1974-இல் நூல் எழுதினார். ங்கோ செம்சாரா கபுட்டா என்னும் அறிஞர் 2008-இல் பெரிய சிலுபா-பிரெஞ்சு அகராதியை வெளியிட்டதோடு, கசாலாவை இக்காலத்தவரும் இயற்றும் கலையாக வளர்த்தார். அயலார் தொடங்கிய பணியை அம்மண்ணின் மக்களே ஏற்று நடத்தும் காலம் வந்தது.

இவ்வளவும் சொன்ன நான் ஒரு துன்பச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். மாரிசன் 1906-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் லுபா, லுலுவா என்னும் இரண்டு பெயர்களும் இணைந்தே இருந்தன. மொழி ஒன்று, மக்கட்கூட்டம் இரண்டு என்பதை அது காட்டியது. 1959-ஆம் ஆண்டு அக்டோபரில், அதே இரு கூட்டத்தாரும் லுலுவாபூர் நகரில் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். நிலத்துக்கும் வேலைக்கும் பதவிக்கும் எழுந்த போட்டியை அயலாட்சி பல ஆண்டுகள் வளரவிட்டிருந்தது. லுலுவா நாட்டில் குடியேறி வாழ்ந்த லுபா மக்கள் பெருந்திரளாக வீடுவாசலை விட்டுக் கிழக்கே ஓடினார்கள். அவர்கள் சென்று சேர்ந்த பக்குவாங்கா என்னும் சிற்றூர்தான் பின்னர் ம்புஜிமாயி என்னும் பெருநகரமாயிற்று. 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே தெற்குக் காசாய் என்று தனியரசும் அறிவிக்கப்பட்டது, அது நீடிக்கவில்லை, பசியும் சாவும் மிகுந்தன. அரை நூற்றாண்டுக்குப் பின் 2016-இல் காசாயில் மீண்டும் கலகம் மூண்டு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது.

'பானா பேட்டு' என்று உடன்பிறந்தாரை அழைக்கும் மொழியை இருசாராரும் பேசினார்கள். தாக்கியவன் கூவியதும் வீழ்ந்தவன் அலறியதும் ஒரே இலக்கணத்தில்தான். ஒரு மொழியைப் பேசுவோரெல்லாம் ஒற்றுமையாக வாழ்வார்கள் என்பது நாம் விரும்பும் கருத்து. ஆனால் வரலாறு அதை எப்போதும் மெய்ப்பிப்பதில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கும்படி செய்யும் வரையில்தான் மொழியால் முடியும். விளங்கிய பின் என்ன செய்வது என்பது மனிதர் பொறுப்பு.

இன்று சிலுபாவின் நிலை என்ன? பள்ளியின் மேல்வகுப்புகளிலும் நீதிமன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பிரெஞ்சே கோலோச்சுகிறது. தலைநகரான கின்ஷாசாவுக்குக் குடிபெயர்ந்த காசாய் மக்களின் குழந்தைகள் தெருவில் லிங்காலா பேசுகிறார்கள். ஆயினும் சந்தையிலும் வழிபாட்டிலும் பாட்டிலும் சிலுபா தளர்ச்சியின்றி வாழ்கிறது. வானொலியும் அதற்குப் பெருந்துணையாக நிற்கிறது. அந்நாட்டு அரசின் ஒலிபரப்பு நான்கு தேசிய மொழிகளிலும் செய்தி சொல்கிறது. 2002-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் தொடங்கிய ஒகாபி வானொலியும் பிரெஞ்சோடு அந்நான்கு மொழிகளிலும் பேசிவருகிறது. எழுதும்போது விடுபட்டுப்போகும் தொனி, வானொலியில் முழுமையாகக் கேட்கிறது. தொனியே உயிராக உள்ள ஒரு மொழிக்கு ஒலிபெருக்கியைவிட உற்ற துணை வேறு எது?

ஆகையால், நேயர்களே, அயல்மொழி ஒன்றின் வினோதச் சொல் உங்கள் காதில் விழுமானால், சற்றுப் பொறுங்கள். அம்மொழியில் பன்மையை எப்படிச் சொல்கிறார்கள், கற்பவரையும் கற்பிப்பவரையும் எப்படி வேறுபடுத்துகிறார்கள், உடன்பிறந்தாரை எப்படி அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். எளிய கேள்விகளே, ஆனால் அவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் பொய்யாகப் போவதில்லை. செல்லாதிருப்பவர் என்னும் சொல்லைக் கொண்டு மட்டும் தமிழை அறிந்தேன் என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புவோமா? அந்த நீதியை அவர்களுக்கும் நாம் வழங்க வேண்டும்.

சிலுபா பேசுவோர் ஒருவரையொருவர் கண்டால் 'மோயோ' என்பார்கள். உயிர், வாழ்வு என்பது அதன் பொருள். எதிரே வருபவருக்கு வாழ்வையே முதற் சொல்லாக வழங்குகிறார்கள். பலரை நோக்கிச் சொல்லும்போது 'மோயோ வேனு' என்பது வழக்கம். இதுவரை செவிசாய்த்த உங்கள் அனைவருக்கும் அந்தச் சொல்லையே வழங்குகிறேன்.

மோயோ வேனு.